துணைவேந்தர் நாற்காலி காலி: ஆய்வாளரின் ஃபைல் எங்கே நிற்கிறது?

பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் இல்லை என்ற செய்தி நாளிதழில் அரசியல் பக்கத்தில் வரும். ஆளுநர் சொன்னது, அமைச்சர் பதிலுக்குச் சொன்னது, நீதிமன்றம் கேட்டது. பிஎச்.டி. ஆய்வாளருக்கு அதே செய்தி ஆராய்ச்சிப் பிரிவு கவுன்டரில் ஒற்றை வரியாக வந்து சேரும்: "ஃபைல் மேலே போயிருக்கு, இன்னும் இறங்கலை." மேலே என்றால் எங்கே, யாரிடம், எதற்காக என்று கேட்டால் பிரிவு உதவியாளருக்கே பல நேரம் தெரியாது. அந்த 'மேலே'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களை மட்டும் வைத்து எழுதுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைகளுக்கும் இதில் பாதி பொருந்தாது.

முதலில் நாற்காலி ஏன் காலியாகிறது என்பது. நம் மாநிலத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் 3 ஆண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். (இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் முதலமைச்சரே வேந்தர்.) பழைய சட்டங்களின்படி தேடல் குழுவில் மூன்று பேர்: வேந்தர் சார்பில் ஒருவர், அரசு சார்பில் ஒருவர், பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுக்களான சிண்டிகேட் அல்லது செனட் சார்பில் ஒருவர். இவர்கள் கொடுக்கும் பெயர்களிலிருந்து வேந்தர் ஒருவரை நியமிப்பார். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறையோ, குழுவில் யுஜிசி தலைவர் நியமிக்கும் ஒருவர் இருக்க வேண்டும், குழு 3 முதல் 5 பெயர்கள் கொடுக்க வேண்டும், துணைவேந்தராக வருபவருக்குப் பேராசிரியராகக் குறைந்தது 10 ஆண்டு அனுபவமோ ஆய்வு அல்லது கல்வி நிர்வாக நிறுவனத்தில் அதற்கு இணையான அனுபவமோ வேண்டும் என்கிறது.

இந்த நான்காவது உறுப்பினரைச் சுற்றித்தான் எல்லாம் நின்றது. 2023 செப்டம்பரில் சென்னை, பாரதியார், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி பிரதிநிதியையும் சேர்த்து ஆளுநர் ஆர்.என். ரவி தேடல் குழுக்களை அறிவித்தார். அந்த உறுப்பினரை விட்டுவிட்டு அரசு தன் அரசாணையை வெளியிட்டது. மூன்று நாற்காலியா நான்கு நாற்காலியா என்று பேசிக்கொண்டிருந்ததிலேயே ஒருவருடைய கோர்ஸ் ஒர்க் (ஆய்வின் தொடக்கப் பாடங்கள்) முடிந்து சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கம்) வரை வந்துவிடலாம். காலக்கணக்கு அப்படித்தான் போனது. பாரதியாரில் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும், அண்ணாவில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது. அண்ணாவுக்கு இது புதிதும் இல்லை. 2016 மே முதல் 2018 ஏப்ரல் வரை ஏறக்குறைய இரண்டாண்டு அங்கே துணைவேந்தர் கிடையாது.

இதற்கிடையே நியமன அதிகாரத்தையே அரசுக்கு மாற்றும் மசோதாக்கள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் நின்ற பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருத வேண்டும் என்றது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு நவம்பர் 20 அன்று பதில் சொன்ன அரசியல் சாசன அமர்வு, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையை ஏற்கவில்லை. அந்தப் பதில் ஒரு கருத்துரை. ஏப்ரல் தீர்ப்பின் மேல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு கிடையாது. வழக்கறிஞர்களுக்கு இதில் பேச நிறைய உண்டு. ஆய்வாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: "அடுத்த மாசம் வி.சி. வந்துருவார்" என்று யார் சொன்னாலும் அதை நம்பித் தீசிஸ் சமர்ப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

துணைவேந்தர் இல்லாதபோது வேலையைப் பார்ப்பது ஒருங்கிணைப்புக் குழு, எல்லோர் வாயிலும் கன்வீனர் கமிட்டி. பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலர் அதன் தலைவராக இருப்பார், சிண்டிகேட்டிலிருந்து சிலர் உறுப்பினர்கள். செயலருக்குத் துறை முழுக்க வேலை. பல்கலைக்கழகம் அவருக்குப் பத்தில் ஒன்று. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் கோப்பு சென்னைத் தலைமைச் செயலகம் வரை போய்வர வேண்டும். அதனால் கோப்புகளைச் சேர்த்துவைத்து ஒரே கட்டாகக் கொண்டுபோகும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. பிரிவு உதவியாளர் குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர், பதிவாளர் என்று ஏறி, பதிவாளர் அறையில் அந்தக் கட்டு நிறையும் வரை கோப்பு காத்திருக்கும். அடுத்த கட்டு எப்போது போகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் கோப்பு பதிவாளர் மேசைக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஆளுநர் மாளிகைச் செய்தியைப் படிப்பதைவிடப் பயனுள்ள வேலை.

இன்னொரு விஷயம், பொறுப்பில் இருப்பவரின் மனநிலை. குழுவாக இருக்கும்போது புதிதாக எதையும் முடிவு செய்யத் தயங்குவார்கள். "கொள்கை முடிவு, வி.சி. வந்ததும் பார்க்கலாம்" என்பது அங்கே வழக்கமான குறிப்பு. நாளைக்குத் தணிக்கைக்காரர் கேட்டால் யார் பதில் சொல்வது என்ற பயமும் சேரும். ஆகவே நம் மனு கொள்கை முடிவு கேட்பதுபோல் தெரியக் கூடாது. விதி இருக்கிறது, கட்டணம் கட்டியாயிற்று, போன வருடம் இன்னொருவருக்கு இதேபோல் கொடுத்திருக்கிறீர்கள், கையெழுத்துதான் பாக்கி என்று அது பேச வேண்டும்.

அப்படியான மனுவில் என்ன இருக்கும்? 'பொருள்' என்று ஒரே வரி: "பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு, ஓராண்டு கால நீட்டிப்பு கோருதல்" என்பதுபோல. அதன்கீழ் 'பார்வை' என்று எண் போட்டு, பதிவு ஆணையின் எண்ணும் தேதியும், கடைசி டாக்டோரல் கமிட்டிக் (ஆய்வைக் கண்காணிக்கும் குழு) கூட்டத்தின் தேதி, பல்கலைக்கழக ஆய்வு விதியின் பிரிவு எண், கட்டண ரசீது எண். உடலில் நான்கைந்து வரி போதும். நெறியாளரின் பரிந்துரை, துறைத்தலைவரின் முத்திரை, கமிட்டி நடவடிக்கைக் குறிப்பின் நகல், ரசீது நகல், இவற்றைப் பின்னால் வைத்துப் பக்க எண் போடுங்கள். இரண்டு படி. ஒன்றில் தபால் பிரிவின் தேதி முத்திரையும் வரவு எண்ணும் வாங்கிக்கொண்டு பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலில் அனுப்பினோம், போனில் சொன்னோம், சார் பார்க்கிறேன் என்றார் என்பதெல்லாம் பின்னால் எங்கும் எடுபடாது. ஒரே பக்கத்தில் குடும்பச் சூழல், உடல்நலம், சிஸ்டம் மேலுள்ள கோபம் எல்லாவற்றையும் கொட்டி எழுதும் மனுக்கள்தான் அதிகம் திரும்பி வருகின்றன. அவற்றுக்கு உதவியாளரால் இரண்டு வரியில் குறிப்பு எழுத முடிவதில்லை.

எந்தக் கோப்புக்கு யார் கையெழுத்து என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். உங்கள் ஆய்வு விதிப் புத்தகத்தை எடுத்து, "துணைவேந்தர்", "சிண்டிகேட்" என்ற சொற்கள் வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. பொதுவாக, டாக்டோரல் கமிட்டி அமைப்பது, கோர்ஸ் ஒர்க் பாடங்கள், அரையாண்டு அறிக்கை, தலைப்பில் சிறு திருத்தம் எல்லாம் ஆராய்ச்சி இயக்குநர் அல்லது பதிவாளர் மட்டத்திலேயே முடிந்துவிடும். நெறியாளர் மாற்றம், கால நீட்டிப்பு, மறுபதிவு, ரத்தான பதிவை மீட்பது, தேர்வாளர் தேர்வு, பட்டம் வழங்க ஒப்புதல் ஆகியவை மேலே போகும். வி.சி. பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே இந்த இரண்டாம் வகையில் உங்களுக்கு என்ன வரப்போகிறது என்று கணக்குப் பார்த்து முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. கடைசி மாதம் போட்டால் பல வி.சி.க்கள் தொடவே மாட்டார்கள். போகிற நேரத்தில் எதற்கு வம்பு.

கால நீட்டிப்பில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள். 2022 நவம்பர் 7 அன்று வந்த யுஜிசி ஒழுங்குமுறைப்படி சேர்க்கைத் தேதியிலிருந்து அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு மூலம் இன்னும் 2 ஆண்டு, ஆக 8. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் மேலும் 2, ஆக 10. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு முழு ஆய்வுக்காலத்துக்கும் சேர்த்து 240 நாள் வரை. அந்தத் தேதிக்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 2009 அல்லது 2016 ஒழுங்குமுறை பொருந்தும். துணைவேந்தர் இல்லாத மாதங்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று எந்த ஒழுங்குமுறையிலும் இல்லை. கோப்பு தூங்கினாலும் காலம் ஓடும். காலம் முடிவதற்கு முன் மனு கொடுத்தவருக்கும் முடிந்த மறுநாள் கொடுத்தவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னவருடையது "தாமதமாக ஆணை வழங்கப்படுகிறது", பின்னவருடையது "காலாவதியான பதிவு". நான்கு மாதம் முன்னதாகவே கொடுத்து வரவு எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேர்வாளர் பட்டியல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக நம்மவர்கள் மாதக்கணக்கில் தொங்குவது இங்கேதான்.

சினாப்சிஸ் கொடுத்ததும் நெறியாளர் ஒரு பெயர்ப்பட்டியலை மூடிய உறையில் 'ரகசியம்' என்று எழுதிக் கொடுப்பார். அதில் இந்தியத் தேர்வாளர்கள், வெளிநாட்டுத் தேர்வாளர்கள் என்று தனித்தனிப் பெயர்கள். பெரும்பாலான இடங்களில் துணைவேந்தர்தான் அதைப் பார்த்து யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று டிக் போடுவார். நெறியாளர் போக வெளியிலிருந்து குறைந்தது இருவர் மதிப்பிட வேண்டும் என்பது யுஜிசி விதி. டிக் ஆன பிறகு தேர்வுப் பிரிவு அவர்களுக்குச் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். ஒருவர் மாட்டேன் என்றாலோ பதிலே போடாவிட்டாலோ அடுத்த பெயருக்குப் போக மறுபடி கோப்பு மேலே. பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே துணைவேந்தர் இருந்தால் இந்தப் பயணம் இரண்டு நாள். கன்வீனர் கமிட்டி காலத்தில் ஒவ்வொரு 'மாட்டேன்'-உம் ஒரு முழுச் சுற்று. பட்டியலே தீர்ந்துபோனால் நெறியாளர் புதிதாகப் பட்டியல் தர வேண்டும்.

தேர்வாளர் யாரென்று ஆய்வாளருக்குத் தெரியக் கூடாது, தெரிந்துகொள்ள முயலவும் கூடாது. ஆனால் பட்டியல் சரியாக இருக்கிறதா என்று நெறியாளருக்கு நினைவூட்டுவதில் தவறில்லை. உறையைப் பிரித்தால் வழக்கமாகக் கிடைக்கும் கோளாறுகள் இவை: மூன்றாண்டுக்கு முன் ஓய்வுபெற்றவர் இன்னும் 'பேராசிரியர் மற்றும் தலைவர்' என்று இருப்பார், மின்னஞ்சல் முகவரி அவருடைய பழைய கல்லூரி முகவரி, அனுப்பிய நிமிடமே திரும்பி வரும், வெளிநாட்டவரில் ஒருவர் நெறியாளரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர், பிரிவு அதிகாரி கண்டுபிடித்து அடித்துவிடுவார், இன்னொருவர் வேறு துறைக்குப் போய்விட்டார். நெறியாளர் பட்டியல் எழுதும் நாளில் ஒவ்வொருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தையும் திறந்து பதவி, முகவரி, அண்மைய கட்டுரை மூன்றையும் சரிபார்த்தால் ஒன்றிரண்டு சுற்று மிச்சம். போன மாணவருக்குக் கொடுத்த பட்டியலை அப்படியே தேதி மாற்றிக் கொடுக்கும் நெறியாளர்கள் உண்டு. அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது அவரவர் சாமர்த்தியம்.

சமர்ப்பித்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவு வரை எல்லாம் 6 மாதத்துக்குள் முடியும்படி பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022 ஒழுங்குமுறை சொல்கிறது. அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். பின்னால் முறையீடு எழுதும்போது "மிகவும் தாமதமாகிறது" என்பதைவிட "6 மாதக் கெடு இன்ன தேதியில் முடிந்தது" என்ற வரிக்கு எடை அதிகம்.

நெறியாளர் ஓய்வுபெறும் விஷயம் மெதுவாக வரும், ஆனால் ஆழமாக வெட்டும். உதவிப் பேராசிரியர் முதல் பேராசிரியர் வரை நியமனத் தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர். அவர் இல்லையென்றால் புது நியமனம் கிட்டத்தட்ட நின்றுவிடும், ஓய்வு மட்டும் நிற்காது. யுஜிசி வரம்புப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளலாம். ஒரு பேராசிரியர் போனால் எட்டு பேருக்கு இடம் தேட வேண்டும், துறையில் மீதி இருப்பவர்களுக்கோ ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆய்வாளரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்தவர்களுக்கு ஓய்வு வரை நெறியாளராகவும், அதன்பின் 70 வயது வரை இணை நெறியாளராகவும் இருக்கலாம். பலர் இந்தக் கடைசி வரியைத் தப்பாகப் படித்து, "சார் 70 வரைக்கும் இருப்பார்" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இணை நெறியாளராக இருக்கத்தான் 70. முதன்மை நெறியாளராகப் பணியில் உள்ள இன்னொருவர் பெயர் ஆணையில் ஏற வேண்டும், அதற்கு மேலே கையெழுத்து வேண்டும். ஓய்வுக்கு ஓராண்டு முன்பே அந்தக் கோப்பைக் கிளப்புங்கள். புது நெறியாளரின் சம்மதக் கடிதம், அவரிடம் இப்போது எத்தனை ஆய்வாளர்கள் என்ற துறைச் சான்று, இரண்டும் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது.

பணம். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) 42,000 ரூபாய், 2023 ஜனவரி 1 முதல். இந்தத் தொகை ஆய்வாளரின் கணக்குக்கு நேராக வருகிறது, ஆனால் பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையதளத்தில் உறுதிசெய்தால்தான். ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். பதிவாளரோ, இதற்குப் பொறுப்பான நோடல் அலுவலரோ மாறும்போது பழையவரின் லாகின் முடங்கி, புதியவருடையது உயிர்பெறும் வரை அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லா ஆய்வாளர்களுக்கும் பணம் நிற்கும். துணைவேந்தர் போனதும் பொறுப்புப் பதிவாளரும் மாறுவது சகஜம் என்பதால் இது அடிக்கடி நடக்கும். தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட அத்தனை ஃபெலோக்களும் ஒரே கடிதத்தில், விருது எண்ணும் நிலுவை மாதமும் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தால் பிரிவுக்கே வேலை எளிது. இரண்டாண்டு முடிந்து ஜேஆர்எஃப்-இலிருந்து எஸ்ஆர்எஃப்-க்கு மாறும் மதிப்பீட்டுக் கூட்டத்தையும் தள்ளிப்போடாதீர்கள். நெறியாளர், துறைத்தலைவர், வெளி நிபுணர் மூவரும் உட்கார்ந்தால் போதும், அதற்கு வி.சி. தேவையில்லை. ஆய்வுத் திட்டத்தில் சம்பளம் வாங்குபவர்களுக்கு வேறொரு தலைவலி: காசோலையில் கையெழுத்திடும் அலுவலர் மாறினால் வங்கி புதிய மாதிரிக் கையெழுத்தும் தீர்மான நகலும் கேட்கும். வேதிப்பொருள், கண்ணாடிக் கலன் வாங்கும் பில்லெல்லாம் அதுவரை மேசையில். பதவிக்காலம் முடியும் மாதத்துக்கு முன்பே அடுத்த மூன்று மாதத்துக்கான கொள்முதலை முடித்துக்கொள்ளும் ஆய்வகங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

இவ்வளவும் நாற்காலி காலியாக இருக்கும்போது. நிரம்பிய பிறகும் கொஞ்ச நாள் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

புது துணைவேந்தர் வந்த முதல் மாதம் வாழ்த்து, பொன்னாடை, தேங்கிய கோப்பு. வரிசைப்படி எடுக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். யார் நினைவூட்டுகிறார்களோ அவர்களுடையது மேலே வரும். இரண்டாம் மாதத்திலிருந்து சீர்திருத்தம். பட்டியலிடப்பட்ட இதழில் இத்தனை கட்டுரை கட்டாயம், நகல் சோதனையில் (பிறர் எழுத்து தீசிஸில் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை) புது வரம்பு, தீசிஸ் வடிவமைப்பு மாற்றம், கட்டண உயர்வு. 2022 யுஜிசி ஒழுங்குமுறை கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பல்கலைக்கழகம் தானாக வைத்துக்கொள்ளலாம். நகலுக்கு யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. பல்கலைக்கழகம் இதைவிடக் கறாராக ஒன்று வைத்தால் அது எந்தக் கல்விக்குழுக் கூட்டத்தில் நிறைவேறியது, எந்தத் தேதிக்குப் பின் பதிவு செய்தவர்களுக்குப் பொருந்தும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சுற்றறிக்கையில் பல நேரம் அந்த இரண்டாவது வரி இருக்காது. கவுன்டரில் இருப்பவர் எல்லோருக்கும் என்றுதான் சொல்வார்.

இதற்கு ஒரே கவசம், நீங்கள் சேர்ந்தபோது நடைமுறையில் இருந்த விதிப் புத்தகம். பதிவு ஆணை வந்த அன்றே அதைப் பதிவிறக்கி, அச்செடுத்து, ஆணையோடு சேர்த்துத் தைத்துவையுங்கள். புது நிர்வாகம் வந்ததும் முதலில் மாறுவது இணையதளம், பழைய விதி இருந்த பக்கம் அதோடு போய்விடும். அதன்பின் "2019 விதிப்படிதான் நான் பதிவு செய்தேன்" என்று வாதாட உங்களிடம் காகிதம் இருக்காது.

சரி, எல்லாம் முறைப்படி செய்தும் கோப்பு அசையவில்லை என்றால்? மாணவர் குறைதீர் வழி ஒன்று இருக்கிறது, நம்மில் பாதிப்பேர் அதைத் தொடுவதில்லை. யுஜிசியின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அது பொதுவாக 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர் அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு. ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். அவரை நியமிப்பதும் பல்கலைக்கழகம்தான். ஆகவே சில இடங்களில் அந்த நாற்காலியும் காலியாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தகவல் உரிமைச் சட்டம் இதைவிட எளிது. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டிவிடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கேள்வியை அமைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "என் தீசிஸ் ஏன் தாமதமாகிறது?" என்று எழுதினால் "விளக்கம் கேட்பது சட்டத்தின் கீழ் வராது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "பதிவு எண் இன்னது தொடர்பான கோப்பு, சமர்ப்பித்த தேதி முதல் இன்று வரை எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் சென்றது, எந்தத் தேதியில் திரும்பியது, கோப்பு நகர்வுப் பதிவேட்டின் நகல் தருக" என்று கேளுங்கள். ஆவணம் கேட்டால் மறுக்க இடம் குறைவு. பாதி நேரம் இந்த மனு போன ஒரு வாரத்திலேயே கோப்பு இறங்கிவிடுகிறது. தேர்வாளர் பெயரை மட்டும் கேட்காதீர்கள், கிடைக்காது. தவிர, நெறியாளருக்கும் உங்களுக்கும் இடையே தேவையில்லாத சந்தேகம் வரும்.

நீதிமன்றம் கடைசி. அங்கும் பெரும்பாலும் முதலில் கிடைப்பது "மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்" என்ற உத்தரவுதான். அதற்கு, பரிசீலிக்க ஒரு மனு இருந்தாக வேண்டும்: முன்னால் சொன்ன அந்த வரவு எண் போட்ட படி.

கடைசியாகப் பட்டச் சான்றிதழ். துணைவேந்தர் இடத்தில் வேறொருவர் கையெழுத்து இருந்தால் வெளிநாட்டில் செல்லுமா என்று ஒவ்வொரு முறையும் பீதி கிளம்பும். பல்கலைக்கழகச் சட்டப்படி அந்தப் பொறுப்பை வகிக்கும் அதிகாரம் பெற்றவர் போட்ட கையெழுத்து செல்லும். துணைவேந்தரின் நியமனமே பின்னாளில் ரத்தானால்? ரத்தான உதாரணங்கள் உண்டு: 2022-இல் மட்டும் குஜராத்தின் சர்தார் படேல், கல்கத்தா, கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என மூன்று நியமனங்களை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மூன்றாவதில் தேடல் குழு பட்டியலுக்குப் பதில் ஒரே பெயரைக் கொடுத்ததுதான் முக்கியக் காரணம். அப்படிப் போனவர்கள் பதவியில் இருந்தபோது கையெழுத்திட்ட பட்டங்கள் அதனால் செத்துப்போவதில்லை. நியமனத்தில் குறை இருந்தாலும், பதவியின் பெயரால் பொதுமக்களுக்குச் செய்யப்பட்ட செயல்கள் நிற்கும் என்ற கோட்பாட்டை 1981-இலேயே கோகராஜு ரங்கராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது.

நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில். பட்டமளிப்பு விழாவுக்கு வேந்தரின் தேதி வேண்டும், உறவு சரியில்லாத காலத்தில் அது கிடைக்காமல் விழா தள்ளிப்போகும். வேலை விளம்பரத்துக்கோ கடைசித் தேதி இருக்கும். வாய்மொழித் தேர்வு முடிந்து ஒப்புதல் வந்ததுமே இடைக்காலச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், விழாவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அதில் மூன்று விஷயம் சரிபார்க்கவும்: பட்டம் தகுதியான தேதி, எந்த யுஜிசி ஒழுங்குமுறையின்படி வழங்கப்படுகிறது என்ற வரி, உங்கள் பெயரும் தலைப்பும் தீசிஸ் அட்டையில் உள்ளதுபோல் எழுத்து பிசகாமல் இருப்பது. அதற்கு முன் தீசிஸின் மின்படி, ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்குப் போயிருக்க வேண்டும். நூலகத்தின் ரசீது இல்லாமல் பல இடங்களில் சான்றிதழ் அச்சாகாது. பெயரில் ஒரு முதலெழுத்து பிசகினால் திருத்த மறுபடி மனு, கட்டணம், குறிப்பு. அந்தக் கோப்பும் மேலேதான் போகும்.